கிட்டார் கேள்வி-பதில்: பாலிஷை யார்கிட்ட குடுக்கறது, எவ்வளவு குடுக்கறது?

இந்தத் தடவை வந்த கேள்வியெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். கையால கிட்டார் செஞ்சு முடிச்சுட்டாங்க, பாலிஷ் மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும், ஆனா விலையைக் கேட்டா தலை சுத்துது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கறோம்.

கேள்வி: சார், மொட்டை மாடி ஷெட்ல ஒரு ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்குஸ்டிக் செஞ்சிருக்கேன். டாப் (முன்பலகை) ஸ்ப்ரூஸ், பேக்கும் சைடும் ஈட்டி (ரோஸ்வுட்), நெக் மகோகனி. உப்புத்தாள் போட்டு ரெடியா வெச்சிருக்கேன். எங்க வீட்டு கதவு ஜன்னலுக்கெல்லாம் பாலிஷ் போட்டவர் 6,000 ரூபாய்க்கு முடிச்சுத் தரேங்கறார், ஒரே வாரம். கிட்டார் ரிப்பேர் பண்ற இன்னொருத்தர் 26,000 சொல்றார், அதுவும் ரெண்டு மாசம் ஆகும்ங்கறார். மேல அடிக்கற லாக்கர் டின் விலையே ஆயிரத்துச் சொச்சம்தானே சார், மீதி எதுக்கு? ஏமாத்தறாரா?
(கோவை வாசகர்)

பதில்: ஏமாத்தலைங்க. நீங்க டின் விலையை வெச்சு கணக்குப் போடறீங்க, அவரு கையோட நேரத்தை வெச்சு போடறாரு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிட்டாருக்கு லாக்கர் ஒண்ணும் பெருசா செலவாகாது. காசு எங்க போகுதுன்னா, முதல்ல ஈட்டியிலயும் மகோகனியிலயும் கண்ணுக்குத் தெரியற மாதிரி துளை துளையா இருக்கும், அதை ஃபில்லர் போட்டு அடைச்சு மறுபடி தேச்சு எடுக்கணும், ஸ்ப்ரூஸ்ல அந்தத் துளை கிடையாது அதனால டாப்ல ஃபில்லர் படவே கூடாது, அப்புறம் ஈட்டில இருக்கற எண்ணெய்ப்பசை மேல லாக்கர் சரியா பிடிக்காம, சில ரகம் காயாமலே கூட நிக்கும்ங்கறதால நடுவுல மெழுகு எடுத்த அரக்கு (ஷெல்லாக்) ஒரு கோட் போட்டு சீல் பண்ணணும், இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஸ்ப்ரே கன்னையே கையில எடுப்பாங்க.

என்.சி. லாக்கர்னா, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், சுருக்கமா நைட்ரோ, மெல்லிசா எட்டு பத்து கோட் போகும், ஒரே நாள்ல எல்லாத்தையும் அடிச்சுட முடியாது, நடுநடுவுல சமமா தேச்சுக்கணும். கடைசி கோட் முடிஞ்சதும் மூணு நாலு வாரம் சும்மா தொங்கவிடணும். அந்த ரெண்டு மாசத்துல பாதி இதுதான். காயறதுக்குள்ள பஃபிங் பண்ணினா அன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா லாக்கர் உள்ள இறங்கி துளையெல்லாம் வரிவரியா மேல தெரியும். அதுக்கப்புறம் 800, 1000, 1500, 2000னு வாட்டர் பேப்பர் போட்டு தேச்சு பஃபிங். பைண்டிங் (விளிம்பைச் சுத்தி ஒட்டற பட்டை) ஓரத்துல ரெண்டு இழுப்பு ஜாஸ்தியாப் போச்சுன்னா மரம் வெளிய வந்துடும், மறுபடி முதல்லேர்ந்து. 26,000ல பெரிய பங்கு இந்த ஓரத்துக்குத்தான் போகுது.

இப்ப உங்க பாலிஷ்காரர் விஷயம். கதவுக்கு எடை ஒரு பிரச்சனையே இல்ல, டாப் அப்படி இல்லை, அதோட கனமே 3 மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்டதான், அதுதான் அதிரணும். ஃபர்னிச்சர்ல துளையை மூடறதுக்கு சேண்டிங் சீலரை கெட்டியா நாலு கோட் ஏத்தி மேல மெலமைன் அடிப்பாங்க, கதவுக்கு அது பிரமாதமான வேலை. அதையே டாப்ல போட்டா சீலர் பஞ்சு மாதிரி சத்தத்தை அமுக்கும். நல்ல அக்குஸ்டிக்ல மொத்த ஃபினிஷும் 0.1லேர்ந்து 0.15 மில்லிமீட்டருக்குள்ள நிக்கும். அமெரிக்காவோட டெய்லர் கிட்டார் கம்பெனி 2014ல தன்னோட 800 சீரிஸை மாத்தி அமைச்சப்போ ஃபினிஷை 6 மில்லேர்ந்து 3.5 மில்லா குறைச்சாங்க (மில்னா ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம கணக்குல 0.15லேர்ந்து 0.09 மில்லிமீட்டர். ரோபோ வெச்சு அடிக்கற கம்பெனியே இத்தனை மெனக்கெடுதுன்னா பாத்துக்கங்க.

அதுக்காக பாலிஷ்காரருக்குக் கை இல்லைன்னு நான் சொல்லல. சில பேரோட கை கிட்டார்காரங்களை விட சுத்தமா இருக்கும். ஒண்ணு பண்ணுங்க, உங்ககிட்ட மிச்சம் இருக்கற ஸ்ப்ரூஸ் துண்டும் ஈட்டித் துண்டும் ரெண்டு பேர்கிட்டயும் குடுத்து, சாம்பிள் போட்டுத் தரச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு குடுத்துடுங்க. வந்ததும் ஜன்னல் பக்கம் சாச்சுப் பிடிச்சு வெளிச்சம் வழுக்கிட்டுப் போறதைப் பாருங்க, ஓரத்தைப் பாருங்க. அதோட, டாப் மேல கம்பியைப் பிடிச்சுக்கற கட்டையான பிரிட்ஜைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க: "பிரிட்ஜ் ஒட்டற இடத்தை என்ன பண்ணுவீங்க?" அந்த இடத்துல டேப் ஒட்டி மறைச்சு, அல்லது பின்னாடி சுரண்டி, வெறும் மரத்துல பசை பிடிக்கற மாதிரி பண்றேன்னு சொன்னா அவருக்கு விஷயம் தெரியும். "மேலயே ஒட்டிக்கலாம் சார்"னு சொன்னா கிட்டாரை எடுத்துட்டு வந்துடுங்க. லைட் கேஜ் ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், லாக்கர் மேல ஒட்டின பிரிட்ஜ் ஒரு நாள் பட்டுனு பேந்துக்கும்.

26,000 கையில இல்லைன்னா நடுவுல ஒரு வழி இருக்கு. பளபளப்பு வேண்டாம், சாட்டின் போதும்னு சொல்லுங்க. ஃபில்லரும் வேண்டாம், துளை தெரிஞ்சா தெரியட்டும். கடைசி வாட்டர் பேப்பரும் பஃபிங்கும் கிட்டத்தட்ட போயிடறதால விலை நல்லாவே இறங்கும். கிட்டார் சத்தத்துக்கு ஒண்ணும் குறையாது. கேட்டா எனக்கே சாட்டின்தான் பிடிக்கும், ஆனா அது என் ருசி.

கேள்வி: அண்ணா, ஃபிங்கர்போர்டுக்கும் (நெக் மேல விரல் வெச்சு அழுத்தற பலகை) சேர்த்து லாக்கர் அடிக்கலாமா? எபனி (கருங்காலி) போட்டிருக்கேன்.
(திருச்சி)

பதில்: வேண்டாம். எபனி, ஈட்டி ரெண்டும் வெறுமனேதான் இருக்கணும், எப்பயாவது லேசா எண்ணெய் தொட்டுத் துடைச்சா போதும். மேப்பிள் போர்டுன்னா மட்டும் லாக்கர், இல்லைன்னா கை அழுக்கு ஏறி கருத்துடும்.

கேள்வி: நான் செஞ்சது எலக்ட்ரிக் கிட்டார், பாடி தேக்குல. எங்க ஏரியா கார் டிங்கரிங் பெயிண்டிங் கடையில 2கே கிளியர் கோட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கற ரெண்டு பாகப் பெயிண்ட்) அடிச்சுத் தரேன்னு சொல்றாங்க, கார் கலர்ல எது வேணுமோ எடுத்துக்கலாமாம், 5,000 ரூபாய். கிட்டார் ஆளுங்க எல்லாம் "ஐயோ கார் பெயிண்டா"ன்னு மூஞ்சை சுளிக்கறாங்க. தப்பா?
(அம்பத்தூர்)

பதில்: மூஞ்சை சுளிக்கறவங்களுக்கு வரலாறு தெரியல. 1950, 60கள்ல ஃபெண்டர் கம்பெனி கஸ்டம் கலர்னு வித்ததெல்லாம் கார் பெயிண்ட்தான். ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூன்னு இன்னிக்கு பக்தியோட சொல்றாங்களே, அதெல்லாம் ஃபோர்டு, காடிலாக் காருக்குக் கலக்கின டூபான்ட் கம்பெனி பெயிண்ட். நம்ம ஊர் ஃபர்னிச்சர் கடையில இன்னமும் டூகோ பெயிண்ட்னு கேக்கறாங்களே, அந்த டூகோங்கறதும் டூபான்ட் 1920கள்ல கொண்டு வந்த லாக்கரோட பேர்தான். சாலிட் பாடி எலக்ட்ரிக்குக்கு 2கே நல்ல தேர்வு, கெட்டி, வேர்வை ஏறாது, ஒரு வாரத்துல பஃபிங் பண்ணிடலாம், 5,000ங்கறதும் நியாயமாத்தான் படுது.

ஆனா கார் கடைக்காரர்கிட்ட நாலு விஷயம் வாயால சொல்லிடுங்க, அவரு காரைத்தான் நினைச்சுட்டு இருப்பாரு. அடிச்சு முடிச்சதும் பூத்துல 60 டிகிரி சூடு வைக்கறது அவங்க வழக்கம், தகரத்துக்கு ஒண்ணும் ஆகாது, மரத்துக்கும் பசைக்கும் ஆகும், பாடி ரெண்டு துண்டா ஒட்டினதுன்னா நடு ஜாயின்ட் கோடு மேல தெரியும். அதனால சூடு வேண்டாம், வெயில்ல காய வைக்கறதும் வேண்டாம், நிழல்ல தொங்கட்டும். அடுத்தது சிலிக்கான். அந்தக் கடையில டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் எல்லாம் ஸ்ப்ரே பண்ணிட்டே இருப்பாங்க, அது ஒரு துளி மரத்துல பட்டாலும் பெயிண்ட் அங்கங்க மீன் கண்ணு மாதிரி குழி விட்டு ஒதுங்கும், அதனால பாடியை துணியில சுத்தியே கொண்டு போங்க, கடைசி நிமிஷத்துல திறங்க. தேக்குலயும் எண்ணெய் ஜாஸ்தி, அடிக்கறதுக்கு முன்னாடி தின்னர்ல நல்லா துடைச்சுட்டு சீலர் போடச் சொல்லுங்க. கம்ப்ரசர்ல தண்ணி பிடிக்கற ட்ராப் இருக்கான்னும் பாத்துக்கங்க, சென்னைக் காத்துல அது இல்லாம அடிச்சா தண்ணித் துளி பெயிண்ட்ல வரும்.

கழுத்து பொருந்தற பள்ளத்துலயும் பிக்கப் பள்ளத்துலயும் டேப் ஒட்டிக் குடுங்க, பெயிண்ட் கனத்துல அப்புறம் நெக் உள்ள போகாது. இன்னொண்ணு, காசு மிச்சம் பண்றேன்னு 2கேயை வீட்டு பால்கனியில நீங்களே அடிக்கலாம்னு நினைக்காதீங்க. அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, ஒரு தடவை நுரையீரல் ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் வாழ்நாள் பூரா ஆஸ்துமா, துணி மாஸ்க்கெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. வெளிக்காத்தைக் குழாய்ல குடுக்கற மாஸ்க் இருக்கற இடத்துலதான் அடிக்கணும். அந்தக் கடைப் பையன் வெறும் கர்ச்சீஃபைக் கட்டிட்டு அடிக்கறான்னா வேற கடை பாருங்க, விலை கொஞ்சம் ஜாஸ்தியானாலும் பரவால்ல.

கேள்வி: ஐயா, கிளாசிக்கல் கிட்டார் ஒண்ணு செஞ்சிருக்கேன். பிரெஞ்சு பாலிஷ்தான் இதுக்கு சரின்னு படிச்சேன். ஆனா எங்க ஊர் வெயில்ல வேர்வை பட்டு உருகிடுமோன்னு பயமா இருக்கு. பிரெஞ்சு பாலிஷ் பண்றவர் 30,000 கேக்கறார், வெறும் அரக்குக்கு!
(மதுரை வாசகி)

பதில்: அரக்கு மலிவுதாம்மா, உலகத்துக்கே நம்ம நாட்டுலேர்ந்துதான் நிறைய போகுது, ஜார்க்கண்ட்ல ராஞ்சி பக்கம் நாம்கும்ல அரக்குக்குன்னே 1924லயே ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. விலை அரக்குக்கு இல்ல, தோளுக்கு. ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கை துணி உருண்டையில தொட்டுத் தொட்டு வட்டமா, எட்டு வடிவமா, நேரா தேச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு நாள் தேச்சா ரெண்டு நாள் விடணும், மறுபடி தேய்க்கணும். துளையை அடைக்கறதே ப்யூமிஸ் (எரிமலைக் கல்) பொடியை மரத்தூளோடயும் அரக்கோடயும் சேர்த்துத் தேய்ச்சுத்தான். அப்படி வந்த படலம் இருக்கற ஃபினிஷ்லயே ரொம்ப மெல்லிசு. இன்னிக்கு நாம வாசிக்கற கிளாசிக்கல் கிட்டார் வடிவத்தை நிலைநிறுத்தின ஸ்பெயின்காரர் அன்டோனியோ டி டோரஸ் காலத்துலயும் இதுதான்.

அந்த டோரஸே உங்க பிரச்சனைக்கு வழி காட்டறாரு. 1862ல அவரு பேக், சைடு ரெண்டையும் காகித அட்டையில செஞ்சு டாப்பை மட்டும் நல்ல மரத்துல போட்டு ஒரு கிட்டார் செஞ்சாரு, சத்தம் டாப்புலதான் இருக்குன்னு காட்டறதுக்கு. அது இன்னமும் பார்சிலோனா மியூசியத்துல இருக்கு. அதனால நீங்க டாப்புக்கு மட்டும் பிரெஞ்சு பாலிஷ் போடச் சொல்லுங்க, பேக், சைடு, நெக் மூணுக்கும் லாக்கரோ மெல்லிசா பியூவோ (பாலியூரித்தேன்) போடச் சொல்லுங்க. வயித்துல ஒட்டறதும் உள்ளங்கை படறதும் அந்த இடம்தானே, வேர்வைக்கு அது தாங்கும். ரெண்டு வேலையையும் ஒருத்தரே பண்ணினா விலை 30,000லேர்ந்து கண்டிப்பா இறங்கும், ஏன்னா பேக், சைடு மரத்துத் துளையை ப்யூமிஸ்ல அடைக்கறதுதான் அதுல உயிரை வாங்கற வேலை, அது போயிடுது. முன்கை டாப்ல படற இடத்துக்கு ஒரு துணி போட்டுக்கங்க, இல்லைன்னா முழுக்கை சட்டை. உச்சி வெயில்ல பூட்டின கார்ல மட்டும் வெச்சுடாதீங்க, அரக்கு இளகி கேஸ் வெல்வெட்டு அச்சு அதுல விழுந்துடும்.

பிரெஞ்சு பாலிஷோட பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் புது அரக்கைத் தேச்சா பழசோட கரைஞ்சு ஒண்ணாயிடும். நைட்ரோவும் அப்படித்தான். பியூ, மெலமைன், பாலியஸ்டர் எல்லாம் காஞ்சப்புறம் கரையாது, ஒட்டுப்போட்ட ஓரம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம், கரைச்ச அரக்கு பழசாயிருந்தா எத்தனை நாளானாலும் இறுகாம பிசுபிசுன்னே நிக்கும், ஆறு மாசத்துக்கு மேல பாட்டில்ல கிடந்ததான்னு கூச்சப்படாம கேளுங்க, நம்பிக்கை இல்லைன்னா கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால அழுத்திப் பாருங்க.

கேள்வி: நவம்பர்ல ஒரு கடையில நைட்ரோ அடிக்கக் குடுத்தேன். வாங்கிட்டு வந்தா டாப் பூரா பால் ஊத்தின மாதிரி வெள்ளையா மங்கலா இருக்கு. கேட்டா மரம் சரியில்லைங்கறாங்க. மீதிக் காசும் கேக்கறாங்க.
(புதுச்சேரி)

பதில்: மரத்து மேல பழி போடறாங்க. மழைக்காலத்துல லாக்கர் அடிச்சா வர்றது இது. தின்னர் சட்டுனு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கற ஈரம் லாக்கர் உள்ள மாட்டிக்குது. சரி பண்ண முடியாத விஷயம் இல்ல, மெதுவா ஆவியாகற ரிடார்டர் தின்னரை காஞ்ச நாள் பாத்து மெல்லிசா ஒரு கை அடிச்சா லாக்கர் இளகி ஈரம் வெளிய போயிடும், பெரும்பாலும் தெளிஞ்சுடும். அவங்களே ஜனவரிக்கு மேல சரி பண்ணிக் குடுக்கட்டும், அதுவரைக்கும் மீதிக் காசைக் குடுக்க வேண்டாம், ஆனா சண்டையும் வேண்டாம், கிட்டார் அவங்க கையிலதானே திரும்பப் போகணும். மத்தவங்களுக்கு: அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கடலோரத்துல ஏசியோ டீஹியூமிடிஃபையரோ இல்லாத ஷெட்ல நைட்ரோவுக்குக் குடுக்காதீங்க. குடுத்தே ஆகணும்னா பியூவுக்குப் போங்க, அதுக்கும் ஈரம் ஆகாதுதான், ஆனா இந்த அளவுக்கு மானத்தை வாங்காது.

கேள்வி: கோயம்புத்தூர்ல தம்பி செஞ்ச கிட்டாரை பாலிஷ் போடாம இங்க எடுத்துட்டு வந்து, இங்க ஒரு லூத்தியர்கிட்ட (கிட்டார் செய்யறவர்) நைட்ரோ போடலாம்னு நினைக்கறோம். பேக், சைடு ஈட்டி. ஏதும் பிரச்சனை வருமா?
(டொரன்டோ)

பதில்: வரும். ஈட்டி டால்பெர்ஜியா இனம், 2017 ஜனவரியிலேர்ந்து அந்த இனம் கிட்டத்தட்ட முழுக்க சைட்டீஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. 2019 கடைசியில முழுசா முடிச்ச இசைக்கருவிக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க. கம்பி மாட்டி வாசிக்கற மாதிரி கொண்டு போனா அது கிட்டார், பாலிஷ் இல்லாம பிரிட்ஜ் இல்லாம வெறும் மரக்கூடா கொண்டு போனா அது முடிச்ச கருவியா இல்லையான்னு ஏர்போர்ட்ல நின்னு வாதாடணும். கோயம்புத்தூர்லயே முடிச்சு எடுத்துட்டுப் போங்க, கனடா டாலர்ல கூலி குடுக்கறதை விட அதுதான் மலிவும். அப்புறம் உங்க ஊர் குளிருக்கு நைட்ரோன்னா ஒரு எச்சரிக்கை. பனியில கார் டிக்கியில கிடந்த கேஸை வீட்டுக்குள்ள கொண்டு வந்த உடனே திறந்தா லாக்கர் மயிரிழை மயிரிழையா வெடிச்சுடும். பூட்டினபடியே சில மணி நேரம் விட்டு, கேஸ் உள்ளயும் அறைச்சூடு வந்ததும் திறங்க.

கேள்வி: தஞ்சாவூர் வீணைப் பட்டறையில மிஞ்சின பலா மரத்துல பேக், சைடு போட்டேன். அந்த மஞ்சள் நிறம் அப்படியே நிக்கற மாதிரி எந்த ஃபினிஷ் போடலாம்?
(கும்பகோணம்)

பதில்: எதுவும் நிறுத்தாதுங்க. பலா வெளிச்சத்துல வருஷம் போகப் போக பழுப்பாத்தான் ஆகும், பழைய வீணையைப் பாருங்க. தெளிவான பியூ போட்டா ஆரம்பத்துல மஞ்சள் அப்படியே தெரியும், நைட்ரோவும் ஆரஞ்சு அரக்கும் அதுவே மஞ்சளடிச்சு இன்னும் சீக்கிரம் பழுப்பாக்கும். யாராவது "கலர் மாறாத கோட்டிங்"னு சொல்லி தனியா 4,000 கேட்டா குடுக்காதீங்க.

கேள்வி: எவ்வளவு அட்வான்ஸ் குடுக்கணும்? எங்க ஊர்ல முழுக் காசும் முன்னாடியே கேக்கறாங்க. எழுதி வாங்கணுமா?
(நாகர்கோவில்)

பதில்: முழுக் காசு முன்னாடி வேண்டவே வேண்டாம். மூணுல ஒரு பங்கு குடுங்க, சாமான் வாங்க அது போதும், அடுத்த பங்கு ஸ்ப்ரே முடிஞ்சு கிட்டார் தொங்கறப்போ நேர்ல போய்ப் பாத்துட்டு, கடைசிப் பங்கு பஃபிங் முடிஞ்சு கையில வாங்கறப்போ. பத்திரம் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போதும், ஆனா அதுல எல்லாம் வரணும்: என்ன ஃபினிஷ், பளபளப்பா சாட்டினா, துளை அடைக்கறதா இல்லையா, பிரிட்ஜை யார் ஒட்டறது, ஓரம் தேஞ்சு மரம் வெளிய வந்தா திரும்பப் போடற செலவு யாருது, லாக்கர் இறங்கிச்சுன்னா ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை இலவசமா தேச்சுக் குடுப்பாரா. கடைசி ரெண்டையும்தான் யாரும் கேக்கறதில்ல, தகராறும் அங்கதான் வருது.

உங்க பக்கத்து வேலையும் இருக்கு. பசைக் கறை இருந்தா நீங்களே எடுத்துட்டுக் குடுங்க, வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா அந்த இடம் மட்டும் வெளுப்பா நிக்கும். 220ல ஆரம்பிச்சு 320 வரைக்கும் மரவரி போற பக்கமே தேச்சுடுங்க. இதை அவரு பண்ணினா மணிக்கணக்குல காசு, நீங்க பண்ணினா ஒரு ஞாயித்துக்கிழமை. கிட்டாரைக் குடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து அதே மெசேஜ்ல போட்டு வெச்சுக்கங்க.

கேள்வி: பாலிஷ் முடிஞ்சு வாங்கிட்டேன், நைட்ரோ. உடனே ஸ்டாண்டுல வெக்கலாமா?
(சேலம்)

பதில்: ரப்பர், வினைல் சுத்தின ஸ்டாண்டுல நைட்ரோவை எப்பவுமே வெக்காதீங்க, புதுசுன்னு இல்ல, பத்து வருஷம் ஆனாலும் அந்த ரப்பர்லேர்ந்து வர்ற கெமிக்கல் லாக்கரை இளக்கி அச்சு போட்டுடும். ஸ்டாண்டு கைக்கு பருத்தித் துணி சுத்திக்கங்க. கேப்போ (சுருதி ஏத்த நெக்ல மாட்டற கிளிப்) போட்டு அப்படியே ராத்திரி பூரா விடறதும் அதே கதைதான். வாங்கின புதுசுல இன்னும் ஒரு மாசம் கேஸ்ல பூட்டி வெக்காம காத்தாட விடுங்க, வாசம் போற வரைக்கும் லாக்கர் காஞ்சுட்டேதான் இருக்கும்.